ஜோன் சீனா கெட்டவன் ஆனான்

2025 மார்ச் 2, ஞாயிறு
விடியற்காலையிலேயே மட்டக்களப்பு கல்லடியில் அக்கா வீட்டில் போனைச் சுவரில் சாய்த்துவைத்து ரெஸ்லிங், அதுதான் கதை எழுதி ஆடுகிற அந்த மல்யுத்தம், பார்த்தோம், ரொறன்ரோவில் அப்போது சனி இரவு. ஜோன் சீனா சம்பியன் கோடி ரோட்ஸைக் கட்டிப்பிடிக்கிறான், சீனாவைத் தூண்டிவிடுகிற ரொக் பெருவிரலால் கழுத்தை அறுப்பதுபோல் காட்டுகிறான், அந்த அணைப்பு விலகமுன்னமே கோடிக்கு இடுப்புக்குக் கீழே ஒரு அடி. இருபது வருசத்துக்கு மேல் நல்லவனாகவே இருந்த ஆள்! மருமகன் ஒரு சொல்லும் பேசாமல் தன் சீனா டீசேர்ட்டைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே எறிந்தான்.

மார்ச் 3
இதேபோல் நல்லவனாயிருந்து கெட்டவனான ஹல்க் ஹோகனின் 1996 ஜூலை 7 காட்சியைத் திரும்பப் பார்த்தேன். அடிபட்டுக் கிடந்த வீரர் ராண்டி சாவேஜைக் காப்பாற்றத்தான் வருகிறார் என்று சனம் நினைக்க, அவர் மேலேயே காலைப் போட்டார், ரிங் முழுக்கக் குப்பை வந்து விழுந்தது. அப்புறம் மஞ்சளும் சிவப்பும் போய் உடுப்பெல்லாம் கறுப்பு, தாடியும் கறுப்பு, பெயரும் ஹொலிவுட் ஹோகன்.

மார்ச் 18
நடுச்சாமம் தாண்டி பிரசல்ஸ் நிகழ்ச்சி. எல்லாப் பிழையும் ரசிகர்களில்தான் என்று சீனா சொன்ன பேச்சு நல்ல பேச்சு, நெஞ்சில் தைத்தது. ஆனால் ரிங்குக்கு வருகிற பாட்டு அதே பாட்டு, கால்சட்டையும் அதே. கூத்தாடின எங்கட பெரிய மாமாவுக்குக் காட்டினேன். "வரவு மாறல்லியேகா, பிறகு ஆள் மாறினது சனத்துக்கு எப்படித் தெரியும்?" என்றார். வடமோடிக் கூத்தில் ஒருத்தன் களரிக்கு, அதாவது ஆடுகளத்துக்கு, வருகிற அந்த வரவிலேயே மத்தளமும் ஆட்டமும் அவன் யார் என்று சொல்லிவிடும், வாய் திறக்கத் தேவையில்லை. ரெஸ்லிங் எழுதுகிறவர்கள் ஒருநாள் மட்டக்களப்புக்கு வந்து பாய் போட்டு இருந்து பார்க்கட்டும்.

ஏப்ரல் 21
சீனாவுக்கு 17ஆவது உலகப் பட்டம். ரொக் வரவே இல்லை. கோடியிடம் உன் ஆத்மாவை எனக்குத் தா என்று கேட்டவன் எங்கே? பாதகம் செய்யத் தூண்டினவனே காணாமல் போனால், செய்தவன் யாருக்காகச் செய்தான்? 2001இல் ஸ்டீவ் ஒஸ்டினை வில்லனாக்கினபோதும் கோளாறுதான், அவருடைய சொந்த டெக்சாஸில் வைத்துச் செய்தார்கள், சனம் கைதட்டியது. ஆனால் அவரோடு கைகோத்த முதலாளி வின்ஸ் மக்மஹோன் பக்கத்திலேயே நின்றாரே.

ஓகஸ்ட் 2
சரி, முடிந்தது. சீனா மறுபடி நல்லவன். மைக்கைப் பிடித்து நாலு சொல், கோடியோடு சமாதானம், அவ்வளவுதான். கெட்டவனாக்கக் காட்டின கவனத்தில் கால்வாசிகூடத் திருப்பி எடுக்கும்போது இல்லை. மருமகன் கட்டிலுக்குக் கீழே டீசேர்ட்டைத் தேடினான். அக்கா அதை எப்போதோ மோட்டார் சைக்கிள் துடைக்க எடுத்துவிட்டாராம்.