இடப்பக்க ஸ்போக்ஸுக்காக ஒரு ரிம்

பின்சக்கர ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்கும் இடத்தில் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்காக நிறுத்திப் பார்த்தேன். நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. வருஷக்கணக்காகக் கட்டை தின்று குழிவாக்கிவிட்டது. இரண்டு ஸ்போக்ஸ் ஓட்டைகளின் ஓரத்தில் மயிரிழை விரிசல் வேறு. ரிம்மின் கதை முடிந்தது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் மட்டும் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது, உள்ளே குண்டுகள் உருளும் கோனில் ஒரு குழிகூட இல்லை. அதை வைத்துக்கொண்டு புது ரிம்மில் நானே வீல் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். இதுவரை கோட்டம் எடுத்திருக்கிறேன், அறுந்த ஸ்போக்ஸ் மாற்றியிருக்கிறேன். வெறும் ஹப்பிலிருந்து முழுசாகக் கோர்ப்பது இதுதான் முதல் தடவை.

முதல் மூன்று நாளும் எடையிலேயே கழிந்தன. 430 கிராமில் ஒரு ரிம் கண்ணில் பட்டது. அதன் மேல் ஆசை வந்த பிறகு மற்றதெல்லாம் இரும்புக் குண்டாகத்தான் தெரிந்தது. ஆனால் அதில் 32 ஓட்டை, என் ஹப்பில் 36. "அப்போ ஹப்பையும் மாற்றிவிடலாமே" என்று மனசு நியாயம் பேச ஆரம்பித்ததும்தான் காகிதமும் பென்சிலும் எடுத்தேன். எனக்குப் பொருந்தக்கூடிய ரிம்கள் 510 கிராம் பக்கம் இருக்கின்றன. வித்தியாசம் 80 கிராம். சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் எடை, வேகம் கூட்டும்போது ஏறக்குறைய இரட்டிப்பாகக் கணக்காகும் என்பது உண்மைதான். அப்படியே வைத்தாலும் 160 கிராம். நான், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து 95 கிலோ. நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாத ஒரு விஷயத்துக்காக நல்ல ஹப்பைத் தூக்கிப்போட இருந்தேன்.

அதற்குப் பிறகு வேலை சுலபமானது. டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ., அதாவது 700சி. ரிம் பிரேக் என்பதால் பக்கச் சுவர் கடைந்து சமப்படுத்தியதாக இருக்க வேண்டும். டிஸ்க் பிரேக்குக்கான ரிம்களில் அந்தச் சமதளமே கிடையாது, அதனால் பட்டியலில் பாதி அங்கேயே உதிர்ந்தது. 36 ஓட்டை என்றதும் மீதியில் பாதி போயிற்று. ஆழமான ரிம்களை நானே தள்ளிவிட்டேன். பக்கக் காற்றில் ஹேண்டிலோடு மல்லுக்கட்டும் வயசு தாண்டிவிட்டது.

அகலத்தில்தான் கொஞ்சம் தடுமாறினேன். பழைய ரிம்மின் உள் அகலம் 15 மி.மீ. அதில் 35 டயர் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். உள் அகலத்தின் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குவரை டயர் போடலாம் என்பது பழைய பொதுக்கணக்கு. அந்தக் கணக்குப்படி 35 டயருக்கு 18, 19 உள் அகலமாவது வேண்டும். காற்றைக் குறைத்து ஓட்டும்போது திருப்பத்தில் பின்பக்கம் நெளிவது போலிருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ரிம் அகலமானால் டயரும் பருக்கும். பழைய ரிம்மில் வெர்னியர் வைத்து அளந்தால் அந்த 35 டயர் 33தான் இருந்தது. ஃபிரேமில் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் போகும் செயின்ஸ்டே குழாய்களின் இடைவெளியை அளந்து, 19 உள் அகலம்வரை போகலாம் என்று கோடு போட்டுக்கொண்டேன். வால்வு ஓட்டையையும் பார்க்க மறக்கவில்லை. என்னிடம் இருப்பதெல்லாம் தடிமன் வால்வு டியூப், அதற்கு 8.5 மி.மீ. ஓட்டை வேண்டும். 6.5 ஓட்டை உள்ள ரிம்மைக் கடைசிப் புகலாக டிரில் போட்டுப் பெரிதாக்கலாம். பெரிய ஓட்டையைச் சின்னதாக்கத்தான் வழியில்லை, ரப்பர் வளையம் செருகிச் சமாளிக்க வேண்டியதுதான்.

கடைசியில் இரண்டு ரிம் மிஞ்சின. ஒன்று ஸ்போக்ஸ் ஓட்டைகளில் ஐலெட் என்ற உலோக வளையம் வைத்த, நெடுந்தூரச் சுமைக்கென்றே செய்த சாதாரணப் பெட்டி ரிம். இன்னொன்று ஐலெட் இல்லாத ஆஃப்செட் ரிம். அதில் ஸ்போக்ஸ் ஓட்டைகள் நடுக்கோட்டிலிருந்து 2.5 மி.மீ. ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும். பார்க்க ஐலெட் ரிம்தான் அழகு. ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பழைய சக்கரத்தின் நிரந்தர நோய் நினைவுக்கு வந்தது. அதில் இடப்பக்க ஸ்போக்ஸ் மட்டும் மாசத்துக்கு ஒருமுறை தளர்ந்துவிடும். நான் சரியாக முறுக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஹப்பை அளந்தபோது விஷயம் வெளியே வந்தது. காசெட் என்ற பல்சக்கர அடுக்கு இருக்கும் செயின் பக்கத்தில், ஹப்பின் நடுவிலிருந்து ஸ்போக்ஸ் மாட்டும் தட்டான ஃபிளேஞ்ச்வரை 18 மி.மீ. இடப்பக்கம் 35. ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் இரண்டு பக்கத்து இழுவையும் இதற்குத் தலைகீழ் விகிதத்தில் இருந்தாக வேண்டும். செயின் பக்கம் 100 என்றால் இடப்பக்கம் 51. எவ்வளவு திறமையாக முறுக்கினாலும் இந்த விகிதம் மாறாது. சக்கரம் உருளும்போது தரையை ஒட்டி வரும் ஸ்போக்ஸ் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் இழுவையை இழக்கும். ஏற்கெனவே பாதி இழுவையில் இருப்பது, பள்ளத்தில் விழும்போது அடியோடு தொய்ந்துபோகும். தொய்ந்த நேரத்தில், ஸ்போக்ஸை ரிம்மோடு பிடிக்கும் மரையான நிப்பிள் தானாகக் கழன்று திரும்பும். மாசாமாசம் நான் மறுபடி முறுக்கியது அதைத்தான்.

ஆஃப்செட் ரிம் போட்டால் செயின் பக்கம் 20.5, இடப்பக்கம் 32.5 ஆகிறது. விகிதம் 51-லிருந்து 63-க்கு ஏறுகிறது. ஐலெட்டை மறந்துவிட்டு இதையே வாங்கினேன்.

ரிம் வந்ததும் முதலில் தராசு. 500 என்று அச்சிட்டிருந்தது, 512 காட்டியது. பரவாயில்லை. கண்ணாடி மேசையில் படுக்கவைத்து விரலால் அழுத்தினால் ஆடவில்லை. ஜாயின்ட் வெல்டிங் செய்தது, நகத்தால் தடவினால் தடம் தெரியவில்லை.

அடுத்தது ஈ.ஆர்.டி. ஸ்போக்ஸ் நீளக் கணக்கு முழுக்க இந்த ஒரு அளவில்தான் நிற்கிறது. ரிம்முக்குள் ஸ்போக்ஸின் நுனி எந்த வட்டத்தில் போய் நிற்குமோ, அதன் விட்டம் இது. ஸ்டிக்கரில் 599 என்று இருந்தது. ஆனால் சில கம்பெனி நிப்பிள் உட்காரும் இடம்வரை அளந்து போடும், சில கம்பெனி நிப்பிள் தலையில் ஸ்க்ரூடிரைவர் வைக்கும் வெட்டுவரை அளந்து போடும். இந்த ஸ்டிக்கர் எந்த வகை என்று எங்கும் எழுதவில்லை. பழைய சக்கரத்திலிருந்து கழற்றிய இரண்டு ஸ்போக்ஸில் நிப்பிளைப் போட்டு, கொக்கி வளைவிலிருந்து நிப்பிள் வெட்டுவரை சரியாக 250 வரும்படி வெட்டிக்கொண்டேன். எதிரெதிர் ஓட்டைகளில் இரண்டையும் செருகி இழுத்துப்பிடித்து, நடுவில் கொக்கிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்தேன். 102. ஆக 602. இன்னும் மூன்று இடத்தில் அளந்ததிலும் அரை மில்லி முன்னே பின்னே அதேதான். ஸ்டிக்கரை நம்பி ஆர்டர் போட்டிருந்தால் 36 ஸ்போக்ஸும் ஒன்றரை மில்லி குட்டையாக வந்திருக்கும். நிப்பிளின் தலைவரை ஏறாத ஸ்போக்ஸில் நிப்பிள் கழுத்தோடு முறியும்.

ஃபிளேஞ்ச் ஓட்டைகளின் வட்டம் 45 மி.மீ. விட்டம், மூன்று கிராஸ், அதாவது ஒவ்வொரு ஸ்போக்ஸும் தன் பக்கத்தில் மற்ற மூன்றைக் குறுக்கிடும். கணக்கில் செயின் பக்கம் 289.8, இடப்பக்கம் 290.9 வந்தது. 290, 291 என்று வாங்கினேன். எல்லாம் 2.0/1.8/2.0 மி.மீ. தடிமன், நடுவில் மெலிந்த வகை. இடப்பக்கத்துக்கு இன்னும் மெலிந்த ஸ்போக்ஸ் போடலாம் என்ற யோசனையும் இருந்தது. மெலிந்த கம்பி அதே இழுவைக்கு அதிகம் நீளும், அதனால் பள்ளத்தில் விழும்போது சீக்கிரம் தொய்யாது. முதல் சக்கரத்திலேயே எல்லா வித்தையும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கோர்ப்பதற்கு ஒரு ஞாயிறு மத்தியானம் பிடித்தது. வால்வுக்கு நேராக ஸ்போக்ஸ் குறுக்கிடாமல் இடைவெளி வந்திருந்தது. பெருமையாக ஸ்டாண்டில் மாட்டி முறுக்க ஆரம்பித்தேன். செயின் பக்கம் விண்ணென்று ஏறியது. இடப்பக்கம் தொளதொளவென்று கிடந்தது. டிஷ் சரியாக வரும்வரை, அதாவது ரிம் சரியாக நடுவில் நிற்கும்வரை முறுக்கிவிட்டு விரலால் தட்டிப் பார்த்தால், பழைய சக்கரத்தைவிட மோசம். ரிம்மின் மேல் சந்தேகம், ஹப் அளவின் மேல் சந்தேகம். அரைமணி நேரம் கழித்து ஓட்டைகளைப் பார்த்தேன். ஓட்டைகள் செயின் பக்கமாகத் தள்ளி இருந்தன. ரிம்மைத் தலைகீழாக வைத்துக் கோர்த்திருக்கிறேன். பின்சக்கரத்தில் ஓட்டைகள் இடப்பக்கம் தள்ளி வர வேண்டும். நான் செய்ததில் 15.5-ம் 37.5-ம் ஆகி, விகிதம் 41-க்கு இறங்கியிருந்தது. கோர்க்கும்போதே ஏன் தெரியவில்லை என்றால், திருப்பிப் போட்டாலும் ஸ்போக்ஸ் நீளம் அரை மில்லிதான் மாறுகிறது. அதற்கு ரிம் ஒரு சத்தமும் போடாது.

36-ஐயும் கழற்றினேன். ரிம்மின் இடப்பக்கத்தில் மார்க்கரால் 'இட' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, மறுநாள் ராத்திரி மறுபடி கோர்த்தேன். வால்வை ஒட்டிய முதல் ஓட்டை எந்தப் பக்கத்து ஸ்போக்ஸுக்கு என்பதையும் இந்த முறை முதலிலேயே பார்த்துக்கொண்டேன். ரிம்முக்கு ரிம் அது மாறும்.

இரவல் டென்ஷன் மீட்டரில் செயின் பக்கம் சராசரி 110 கிலோ. ரிம்முக்குச் சொன்ன உச்சவரம்பு 120. இடப்பக்கம் 66-லிருந்து 72 வரை. பழைய ரிம்மில் இதே 110-க்கு 56தான் கிடைத்திருக்கும். பக்கவாட்டு ஆட்டம் கால் மில்லிக்குள் வந்தது. ஜாயின்ட் இருக்கும் இடத்தில் மட்டும் மேடாக ஒரு சிறு துள்ளல். அதை இழுத்து இறக்கப் போய்ப் பக்கத்து ஸ்போக்ஸின் இழுவை தாறுமாறானது, பழையபடி விட்டுவிட்டேன். ஓட்டும்போது தெரியவில்லை. புது ரிம்மில் அதே 35 டயர் 34.5 காட்டுகிறது. செயின்ஸ்டேயில் இரண்டு பக்கமும் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருக்கிறது.

400 கிலோமீட்டர் ஆகிறது. முதல் 50-ல் செயின் பக்கம் இரண்டு ஸ்போக்ஸை மட்டும் கால் சுற்று முறுக்கினேன். இடப்பக்கம் இதுவரை ஸ்பேனர் வைக்கவில்லை. முன்சக்கரத்துக்கு வேடிக்கையாக அந்த ஐலெட் ரிம்மையே வாங்கிவிட்டேன். முன்பக்கம் இரண்டு ஃபிளேஞ்சும் சம தூரத்தில் இருப்பதால் ஆஃப்செட்டுக்கு அங்கே வேலையில்லை. நேற்று அதன் ஈ.ஆர்.டி. அளந்தேன். ஸ்டிக்கரில் போட்டதும் நான் அளந்ததும் ஒன்றாகவே இருந்தன. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை அளந்தேன்.