வில்லுப்பாட்டு வீடியோவில் சத்தத்தைக் கூட்டிய விதம்

அகஸ்தீஸ்வரம் பக்கம் ஒரு கோயில் கொடையில் எடுத்த வில்லுப்பாட்டு வீடியோ. கேமராவைப் பந்தலின் கடைசியில் நிறுத்தி, அதன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்திருந்தார்கள். துபாயில் இருக்கும் மாமா பார்த்துவிட்டு, "மக்ளே, வெடியும் குடமும்தான் கேக்கு, பாட்டைக் காணலியே" என்றார்.

விஎல்சி பிளேயரின் வழக்கமான அமைப்பில் ஒலியை 125 சதவீதம் வரை ஏற்றலாம். ஆனால் அது நம் கணினியில் கேட்பதற்கு மட்டும்தான், ஃபைல் மாறாது. மாமாவுக்கு அனுப்ப ஃபைலையே திருத்தியாக வேண்டும்.

முதலில் எஃப்எஃப்எம்பெக்கில் (கட்டளை கொடுத்து ஒலி, வீடியோ ஃபைல்களைக் கையாளும் இலவச மென்பொருள்) ஒலி அளவைக் கணக்கிடும் 'வால்யூம் டிடெக்ட்' ஃபில்டரை ஓட்டினேன். சராசரி ஒலி மைனஸ் 34 டெசிபல், உச்சம் மைனஸ் 1. இந்த இரண்டு எண்களைப் பார்க்காமல் எதிலும் கை வைக்கக்கூடாது என்பது என் கட்சி. டிஜிட்டல் ஒலிக்குப் பூஜ்யம்தான் உச்ச வரம்பு. தாண்டினால் அலையின் முனை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். உச்சம் மைனஸ் 20 என்றிருந்தால் ஒரே கட்டளையில் 18 டெசிபல் கூட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம். இங்கே வெடிச் சத்தம் உச்சத்தில் உட்கார்ந்திருந்தது. பாட்டு எங்கோ கீழே.

எனவே ஒலியைத் திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டிக்குப் போனேன். வீடியோ ஃபைலை அது நேரடியாகத் திறக்க எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும். வெடி வெடித்த இடங்கள் அலை வடிவத்தில் ஊசிபோல் துருத்திக்கொண்டு தெரியும். அவற்றைத் தேர்ந்தெடுத்து 'ஆம்ப்ளிஃபை'யில் மைனஸ் எண் கொடுத்துத் தணித்தேன். பொறுமை வேண்டிய வேலை இதுதான்.

அடுத்து ஜெனரேட்டர் இரைச்சல். பாட்டு தொடங்குமுன் வெறும் இரைச்சல் மட்டும் இருந்த சில நொடிகளை மாதிரியாகக் காட்டி 'நாய்ஸ் ரிடக்ஷன்' கொடுத்தேன். அடுத்து வரப்போகும் கம்ப்ரெஸருக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். இல்லையென்றால் கம்ப்ரெஸர் இரைச்சலையும் சேர்த்துத் தூக்கிவிடும். நாய்ஸ் ரிடக்ஷன் அளவை ரொம்பக் கூட்டினால், பாட்டை நடத்தும் புலவர் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும், உடுக்கையின் நாதமும் செத்துவிடும். கொஞ்சம் இரைச்சல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், கொடை வீடியோதானே!

அப்புறம் கம்ப்ரெஸர். உரத்த இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் உள்ள இடைவெளியை அது குறைத்த பிறகுதான் பாட்டை மேலே தூக்க இடம் கிடைத்தது. மொத்த ஒலியை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் 'லவுட்னெஸ் நார்மலைசேஷ'னில் மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு) வைத்து, கடைசியாக உச்சம் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்தினேன். பின்பாட்டுக்காரர்களின் குரல்கூடத் தெளிந்து வந்தது.

ஒலியை வேவ் ஃபைலாக எடுத்து, எஃப்எஃப்எம்பெக்கில் பழைய வீடியோவோடு சேர்த்தேன். படத்தை அப்படியே காப்பி செய், ஒலியை மட்டும் ஏஏசி என்ற சுருக்கிய ஒலி வடிவமாக மாற்று என்று சொன்னால் போதும். படத்தின் தரம் குறையாது, வேலையும் சட்டென முடியும். மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பவில்லை, அது சுருக்கிவிடும். டாக்குமெண்டாகத்தான் அனுப்பினேன்.