எரிந்த கம்பளத்தில் பெட்ரோல் தேடுவது

தீப்பிடித்த இடத்திலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு வருபவை பார்க்கச் சகிக்காத பொருள்கள்: கருகிய கம்பளம், உருகி இறுகிய பிளாஸ்டிக், ஈரச் சாம்பல். அதில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். இவ்வளவு எரிந்த பிறகு பெட்ரோல் எப்படி மிஞ்சும் என்று புதிதாகச் சேருபவர்கள் கேட்பார்கள். மிஞ்சும். கம்பளத்தின் அடியிலும் பலகை இடுக்கிலும் ஊறியதற்குப் போதிய காற்று கிடைக்காது. தீயணைப்பு வீரர்கள் பாய்ச்சிய தண்ணீரிலும் அது கரையாது. ஆல்கஹால் என்றால் கதை வேறு, தண்ணீரோடு போய்விடும்.

மாதிரி வந்ததும் முதலில் பார்ப்பது அதைப் போட்டு அனுப்பிய டப்பாவைத்தான். காற்றுப் புகாத புதுத் தகர டப்பா, அல்லது இதற்கென்றே உள்ள நைலான் பை என்றால் சரி. சாதாரண பாலித்தீன் பையில் ஆவி கசிந்துவிடும். மண் வந்தால் உடனே உறையவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிலுள்ள பாக்டீரியா பெட்ரோலைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

அப்புறம், டப்பாவுக்குள் கரிப்பட்டை ஒன்றைத் தொங்கவிட்டு மூடி, 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரவு முழுக்க வைப்போம். ஆவியைக் கரி பிடித்துக்கொள்ளும். மறுநாள் கார்பன் டைசல்பைடில் கழுவி, கேஸ் குரோமட்டோகிராப் கருவியில் ஏற்றுவோம். அது கூறுகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஓர் உச்சியாகக் காட்டும். இந்தக் கட்டம் வரை பழகியவர் யாரும் செய்துவிடலாம்.

தலைவலி வரைபடம் வந்த பிறகுதான். எரிந்த பொருள்களே ஹைட்ரோகார்பன்களைக் கக்குகின்றன. கம்பளம் கருகினால் ஸ்டைரீன், டொலுவீன், சைலீன் எல்லாம் வரும். டொலுவீனும் சைலீனும் பெட்ரோலிலும் உண்டு. ஒரு சுரத்தை வைத்து ராகம் சொல்ல முடியாது. அதனால் பெட்ரோலிலுள்ள எத்தில்டொலுவீன்களும் டிரைமெத்தில்பென்சீன்களும் அடுத்தடுத்து நிற்கும் உச்சிகளின் உயர விகிதத்தைப் பார்ப்போம். சூட்டில் லேசான கூறுகள் பறந்துபோனாலும் இந்த விகிதம் அவ்வளவாக மாறாது, ஏனென்றால் இவற்றின் கொதிநிலைகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். பாலித்தீன் எரிந்தால் ஒவ்வொரு கார்பன் எண்ணுக்கும் ஆல்கேன், ஆல்கீன், ஆல்காடையீன் என்ற ஹைட்ரோகார்பன் வகைகளுக்கு மும்மூன்றாக உச்சிகள் எழும். டீசலில் ஆல்கேன்கள்தான் ஓங்கி நிற்கும். 17, 18 கார்பன் உச்சிகளை ஒட்டி பிரிஸ்டேன், பைட்டேன் என்ற கிளைத்த ஆல்கேன்களும் தெரியும். அவசரத்தில் பார்த்தால் பாலித்தீனும் டீசலும் ஒரே சீப்புப் பல்தான்.

பைன் மரம் தானாகவே டர்பன்டைனில் உள்ள டெர்பீன்களைத் தரும். செருப்பு இன்னும் மோசம், பசையிலேயே கரைப்பான் இருக்கும். எனவே ஒப்பிட்டுப் பார்க்க, அதே கம்பளத்தில், எதுவும் சிந்தாத மூலையிலிருந்து ஒரு துண்டு அனுப்புங்கள் என்று விசாரணை அதிகாரிகளை நச்சரித்துக்கொண்டே இருப்பேன். பாதிப் பேர் அனுப்புவதில்லை.

அறிக்கையில் 'பெட்ரோல் உள்ளது' என்று எழுதினால், யாரோ கொளுத்தினார்கள் என்றே படிக்கிறார்கள். வண்டி நிறுத்தும் கொட்டகையில் பெட்ரோல் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 'கண்டறியப்படவில்லை' என்று எழுதினாலோ, "அப்படியானால் யாரும் ஊற்றவில்லை, சரிதானே?" என்று நீதிமன்றத்தில் வழக்கறிஞர் கேட்பார். ஊற்றியது முழுதாக எரிந்திருக்கலாம், துண்டு வேறு இடத்தில் எடுக்கப்பட்டிருக்கலாம் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

மோப்ப நாய் விஷயத்தில்தான் சண்டையே வருகிறது. நாய் காட்டிய இடத்தில் எங்களுக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால், கருவி மட்டம் என்கிறார்கள். நாயின் மூக்கு கூர்மையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆய்வகம் உறுதிசெய்யாத மோப்பத்தைச் சரிபார்க்கப்பட்டதாகக் கொள்ளக்கூடாது என்று அமெரிக்காவின் தீ விசாரணை வழிகாட்டியான என்எஃப்பிஏ 921-ஏ சொல்கிறது. எதை மோந்து உட்கார்ந்தாய் என்று நாயைக் கூண்டிலேற்றி யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே!