சீட்டில் இருக்கும் எழுத்துகள்

பெங்களூரு மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ் போயிட்டு கிருஷ்ணகிரி திரும்பற சொந்தக்காரங்க, டாக்டர் சீட்டைப் படம் புடிச்சு வாட்ஸப்ல அனுப்பி "இதுல என்னப்பா போட்டிருக்கு?"ன்னு கேக்கறாங்க. எல்லாருக்கும் சேத்து இங்கயே போட்டுடறேன்.

சிபிடி மாத்திரை இல்ல. நம்ம நினைப்பும் நடத்தையும் எங்க சிக்கிக்குதுன்னு பேசிப் பிரிச்செடுக்கற சிகிச்சை. ஆரோன் பெக் 1960-கள்ல உருவாக்கினது. மாத்திரை வகைன்னா எஸ்எஸ்ஆர்ஐ, மனச்சோர்வு, பதட்டத்துக்குக் குடுக்கறது. பலன் தெரிய சில வாரம் ஆகும். நாலு நாள்ல தூக்கிப் போட்டுடாதீங்க.

பிஎச்கியூ-9ங்கறது மனச்சோர்வு எவ்ளோன்னு பாக்க 9 கேள்வி. கடைசி ரெண்டு வாரத்தைப் பத்தி மட்டும் கேக்கும், மொத்தம் 27 புள்ளி. "பையன் 16 வாங்கிருக்கான், பாஸ் தானே?"ன்னாரு ஒரு சித்தப்பா. மார்க் இல்ல சித்தப்பா, கூடக் கூடத்தான் கவலை!

ரொம்பக் குழப்பறது பிபிடி. அது பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு, உணர்ச்சியும் உறவும் நிலையில்லாம ஆடறது. பைபோலாருக்கு, அதாவது மனநிலை ரொம்ப உச்சத்துக்கும் ரொம்பச் சோர்வுக்கும் மாறி மாறிப் போறதுக்கு, பிபிஏடின்னு எழுதுவாங்க. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

டிஎம்எச்பின்னா அரசாங்கத்தோட மாவட்ட மனநலத் திட்டம். பெங்களூரு பஸ் ஏறறதுக்கு முன்னாடி நம்ம ஜில்லாவுலயே அதை விசாரிங்க. போன்லயே பேசணும்னா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.