1977ஆம் ஆண்டின் ஒரு மண்டபம், அடிக்கு ஓர் அங்குலமாக

நான் இப்போது செய்துகொண்டிருக்கும் சிற்றறை, அதாவது பன்னிரண்டில் ஒன்றாகச் சுருக்கிய மாதிரி அறை, மட்டக்களப்பு வாவியை அண்டிய ஓர் ஓட்டு வீட்டின் முன்மண்டபமும் அதனோடு ஒட்டிய விறாந்தையும் ஆகும். அதன் காலம் 1977. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஏன் அந்த ஆண்டு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி இந்தக் கரையின் கூரைகளையும் தென்னைகளையும் புரட்டிப் போட்டது என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பின் எழுந்த வீடுகள் வேறு வகையானவை. பழைய கூரை தன் பழைய இடத்தில் இருந்த கடைசி முழு ஆண்டு 1977 என்பதால் அதைத் தெரிந்தெடுத்தேன்.

‘பழைய காலத்து வீடு’ என்று மட்டும் எண்ணிக்கொண்டு வேலையைத் தொடங்குகிறவர்களின் அறைக்குள் அரிக்கன் லாம்பும் ஆட்டுக்கல்லும் சுழல் தொலைபேசியும் ஒன்றாகக் குடியேறிவிடுகின்றன. ஆண்டு ஒன்று தீர்மானமாகிவிட்டால் எதை வெளியே நிறுத்த வேண்டும் என்பது தானாகத் தெரியும். இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1979இல். ஆகவே என் மண்டபத்தில் அதற்கு இடமில்லை, மூலைத் தட்டில் இருப்பது வானொலிப் பெட்டி. 1972இல் நாட்டின் பெயர் மாறிவிட்டபடியால் சுவரில் தொங்கும் கலண்டரில் ‘ஸ்ரீ லங்கா’ என்று இருக்க வேண்டும்; ஆனால் அலுமாரியின் மேல் கிடக்கும் துருவேறிய பிஸ்கட் தகரத்தில் ‘சிலோன்’ என்று இருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. எந்த வீட்டிலும் எல்லாப் பொருளும் ஒரே ஆண்டில் வாங்கப்படுவதில்லை. தாத்தாவின் கதிரை, சீதனமாக வந்த அலுமாரி, போன வருடம் வாங்கிய வானொலி என்று மூன்று தலைமுறைகள் அறைக்குள் கலந்திருக்கும். எல்லாம் 1977இன் பொருளாகவே இருந்தால் அது தளபாடக் கடையின் காட்சியறை.

நான் பின்பற்றுவது ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற அளவு, அதாவது உண்மையில் ஓர் அடி இருப்பது இங்கே ஓர் அங்குலம். உலகெங்கும் சிறுவீடு செய்கிறவர்களிடையே மிகப் பரவலான அளவு இதுவே. ஆறரை அடிக் கதவு ஆறரை அங்குலம் என்று மனக்கணக்காகவே வேலை நடக்கும். எங்கள் தச்சர்கள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பவர்கள். இந்த அளவில் ஒரு நூல் என்பது உண்மையில் ஒன்றரை அங்குலம். ஓர் அங்குலப் பலகை ஏறத்தாழ 2 மில்லிமீற்றராகிவிடும். அதற்குக் கீழே நூல் கணக்கு உதவாது, மில்லிமீற்றருக்குத்தான் வர வேண்டும்.

இந்தக் கலையின் பெயர்பெற்ற முன்மாதிரிகள் பெரும்பாலும் செல்வர் வீடுகள். மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து 1638இல் கைப்பற்றினார்கள். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்களுடைய ஆம்ஸ்டர்டாமில் பெற்றொனெல்லா ஊர்ட்மன் என்ற செல்வச் சீமாட்டி, அலுமாரி ஒன்றுக்குள் முழு வீட்டையும் அமைக்கத் தொடங்கி, அதற்கென்றே சீனாவிலிருந்து குறுமட்பாண்டங்களை வரவழைத்தார். அது இன்று அந்நகரின் றைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புதுடில்லியைத் திட்டமிட்ட எட்வின் லட்யன்ஸ் 1921 முதல் 1924 வரை இங்கிலாந்து அரசி மேரிக்காக வடிவமைத்த பொம்மை வீட்டில் குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும். சிக்காகோ கலை நிறுவனத்தில் நார்சிஸா தோர்ன் அம்மையார் 1930களில் கைவினைஞர்களைக் கொண்டு செய்வித்த 68 அறைகள் உள்ளன. அவற்றின் சிறப்பு, கதவிடுக்கிலும் யன்னலிலும் தெரியும் அடுத்த அறையும் தோட்டமும்தான். ஏழை வீடுகளின் உள்ளறைகளை அவ்வளவு நுட்பமாகச் செய்தவர் என்று எனக்குத் தெரிந்தவர் பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ. அவரும் அவற்றைச் செய்தது 1940களில், சந்தேக மரணங்களைத் துப்பறியப் பொலிஸாரைப் பயிற்றுவதற்காக. கிழங்கு உரித்த மேசையும் அழுக்கேறிய சுவரும் குறுவடிவம் பெற, அறைக்குள் ஒரு பிணம் கிடக்க வேண்டியிருந்தது. எங்களுடைய நடுத்தர வீடுகளுக்கு அந்த நிபந்தனை வேண்டாம் என்பதே என் கட்சி.

இனி வேலைக்கு வருகிறேன். வீட்டைப் பன்னிரண்டில் ஒன்றாகச் சுருக்கலாம், ஆனால் பொருள்களின் இயல்பு அதனோடு சேர்ந்து சுருங்குவதில்லை. தேக்கு எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் அதன் துளைகளும் வரிகளும் பெரியவை. குறுங்கதிரையில் அவை பள்ளங்களாகத் தெரியும். எங்கள் காட்டு முதிரை நெருக்கமான வரியுடையது, இழைத்தால் பொன்னிறமாக மின்னும். மரக்காலையில் கழிவுத் துண்டாகக் கேட்டால் கிடைக்கும். மெல்லிய கால்களுக்குக் கொய்யாவும் எலுமிச்சையும் போதும். கடற்கரை மணலில் அரை மில்லிமீற்றர் பருக்கை இந்த அளவில் 6 மில்லிமீற்றர்க் கல்லாகிவிடுவதால், சுவர்ப்பூச்சுக்கு மணலே சேர்ப்பதில்லை. துணியில் வடித்த செங்கல் தூளையும் வயற்களியையும் வெள்ளைப் பசை கலந்த நீரில் குழைத்துப் பூசுகிறேன், பசை இல்லாவிட்டால் களி வெடிக்கும்.

துணிதான் மிகவும் பிடிவாதமானது. மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் கோடுகளை நான் எவ்வளவு விரும்பினாலும், அந்தத் துணியைக் கட்டில் விரிப்பாகப் போட்டால் அது தகரம்போல் விறைத்து நிற்கும். பலமுறை தோய்த்து நைந்துபோன வேட்டியை வெட்டி, கோடுகளை மையால் வரைந்து, ஐதான பசை நீரில் நனைத்து, மடிப்பு மடிப்பாக ஊசி குத்திக் காயவிட்டால்தான் திரைச்சீலை தன் பாரத்தில் தொங்குவதுபோல் விழும்.

பிரம்புக் கதிரைகள் இல்லாமல் இந்த நகரத்தில் ஒரு மண்டபம் இல்லை. தச்சுவேலையில் தலைமுறைகளாகப் பெயர்பெற்ற, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வாழும் ஊர் இது. அவர்கள் கடைந்த கால்களும் வளைத்த கைப்பிடிகளும் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. உண்மைப் பிரம்புப் பின்னலின் கண் ஏறத்தாழ அரை அங்குலம், ஆகவே குறுவடிவில் அது ஒரு மில்லிமீற்றர் அளவுதான் இருக்க வேண்டும். நுளம்பு வலையின் அறுகோணக் கண் பார்வைக்குப் பொருந்தினாலும் அளவில் பெரியது. கலியாணப் பெண்ணின் முக்காட்டுக்குப் பயன்படும் மென்வலை சரியாக வருகிறது. அதைத் தேநீரில் நனைத்து, சட்டத்தில் இழுத்து ஒட்டி, அரக்குச் சாயம் ஒரு பூச்சு கொடுத்தால் முப்பது வருடம் ஆட்கள் இருந்தெழும்பிய நிறம் வரும். கால்களை அறுக்கப் பொற்கொல்லர் வைத்திருக்கும் வில்வாளே மிகப் பொருத்தமானது. அலுமாரிக்குரிய பித்தளைப் பிணைச்சல்களையும் அதே வாளால் வெட்டிக்கொள்ளலாம்.

பார்க்கிறவர் சொல்லத் தெரியாமலேயே உணர்ந்துகொள்ளும் ஒரு விடயம் சுவரின் தடிப்பு. பழைய சுவர் ஒன்றரை அடி தடிப்பாக இருந்தால், யன்னல் குழிக்குள் ஒரு பூனை படுத்துறங்க இடமிருக்கும். ஒற்றை ஒட்டுப்பலகையில் துளையிட்டு யன்னல் பொருத்தினால் அந்தக் குழி இல்லாமற்போய், மீதி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அறை கடதாசிப் பெட்டியாகிவிடும். ஆகவே இரண்டு பலகைகளை ஒன்றரை அங்குல இடைவெளியில் நிறுத்தி நடுவை வெறுமையாக விடுகிறேன். மின்கம்பிகள் போவதும் அந்த வெறுமைக்குள்தான். யன்னலுக்கு வெளியே மங்கலான தாளின் பின்னால் ஒரு வெண்ணிற எல்.ஈ.டி., உள்ளே 40 வாற்று மின்குமிழின் மஞ்சளுக்கு ஈடான இன்னொன்று. இரண்டுக்கும் நிற வேறுபாடு இருந்தால்தான் வெளி வெளியாகத் தெரியும்.

கூரைக்குப் போட்டிருப்பது தட்டையான ஓடு. அவ்வகை ஓட்டை மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு 1865இல் தொழிற்சாலை வைத்து வார்க்கத் தொடங்கியது. அதற்கு முந்திய காலத்து அறை செய்கிறவர்கள் அரைவட்ட நாட்டோட்டுக்கோ கிடுகுக்கோ போக வேண்டும். பதினாறு அங்குல ஓடு இங்கே ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றே கூட. களியில் அச்சுப்போட்டு எடுக்கிறேன். முப்பரிமாண அச்சியில் ஒரு நாளில் கூரை முழுவதையும் எடுத்துவிடலாம் என்று மருமகன் சொல்கிறான். ஆனால் அச்சியின் ஓடுகள் அனைத்தும் ஒரே முகம், சூளையில் வெந்த ஓடுகள் அப்படி இருப்பதில்லை.

இப்போது எனக்குத் தட்டுப்பாடாக இருப்பவை அளவுகள்தான். மட்டக்களப்பிலோ கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமோ பழைய வீடு ஒன்றை இடிக்கப் போகிறவர்கள், வேலையாட்கள் வரும் முன்னர் நாடாவை எடுத்து ஐந்து அளவுகளைக் குறித்தனுப்பினால் பேருதவியாக இருக்கும்: சுவரின் தடிப்பு, தரையிலிருந்து யன்னல் அடிச்சட்டத்தின் உயரம், கதவின் அகலமும் உயரமும், விறாந்தைத் தூணின் சுற்றளவு, முகட்டு வளைக்கும் சுவர்த்தலைக்கும் இடையிலான உயரம். கூடவே அளவுகோல் ஒன்றை அருகில் சாய்த்து வைத்து எடுத்த ஒரு படம் வேண்டும். மீற்றரில் எழுதியனுப்பினாலும் சரி, அடிக்கு மாற்றும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.