சராசரியில் தெரியாத நாட்கள்

உதவித்தொகைக்கான மறுமதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: ஒரு நாளில் சராசரியாக எத்தனை மணி நேரம் உங்களால் ஒரு செயலில் கவனம் செலுத்த முடிகிறது? அந்தக் கேள்விக்கு எதிரே விடப்பட்டிருந்த சிறிய கட்டத்தைப் பார்த்தபடி நான் இரண்டு நாட்கள் உட்கார்ந்திருந்தேன். எந்த எண்ணை எழுதினாலும் அது பொய்யாகிவிடும் என்று தெரிந்தது. ஏன் பொய்யாகும் என்பதைத்தான் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு இருமுனைக் கோளாறு இருக்கிறது, மனம் அளவுமீறி எழுவதும் ஆழ்ந்து சோர்வதுமான காலங்கள் வந்துபோகும் நோய். முழுநேர வேலையைத் தொடர முடியாமல் போன பிறகு, மனநலப் பாதிப்புக்காக வழங்கப்படும் மாற்றுத்திறனாளி உதவித்தொகையைக் கொண்டு வாழ்கிறேன். கடந்த ஓராண்டாகப் புள்ளியியல் பட்டயப் படிப்பு ஒன்றைப் பகுதிநேரமாக, பருவத்துக்கு ஒரே பாடம் என்ற அளவில், இணையவழியில் படித்து வருகிறேன். இதைக் கேள்விப்பட்ட உறவினர் ஒருவர், "படிக்க முடிகிறது என்றால் வேலைக்கும் போகலாமே" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அதே கேள்வியை உதவித்தொகை அலுவலகமும் கேட்டுவிடுமோ என்ற அச்சத்தில், விண்ணப்பத்தை நிரப்பிய பின்னும் அனுப்பாமல் நான் ஒரு முழுப் பருவத்தை இழந்திருக்கிறேன்.

படிப்பில் சேர்ந்த நாள் முதல் ஒரு குறிப்பேட்டில் தினமும் எத்தனை மணி நேரம் படித்தேன் என்று எழுதி வருகிறேன். படிவம் வந்தபோது அதிலிருந்து 28 நாட்களை எடுத்துக் கணக்கிட்டேன். 12 நாட்கள் மூன்று மணி நேரம் வீதம் படித்திருந்தேன். 9 நாட்கள் ஒரு மணி நேரம் வீதம். மீதி 7 நாட்கள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மொத்தம் 45 மணி நேரம். சராசரி 1.6 மணி நேரம். அந்த 28 நாட்களில் ஒரு நாள்கூட நான் 1.6 மணி நேரம் படித்ததில்லை. நாட்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைக் காட்டும் திட்டவிலக்கம் 1.26 என்று வந்தது. அதாவது, சராசரிக்குக் கிட்டத்தட்ட நிகரான அளவுக்கு என் நாட்கள் சிதறிக் கிடக்கின்றன. சராசரி என்பது தரவின் மையத்தை மட்டும் சொல்லும், பரவலைச் சொல்லாது என்பது புள்ளியியலின் முதல் பாடங்களில் ஒன்று. என் நோய் குடியிருப்பது அந்தப் பரவலில்தான்.

உறவினரின் கேள்விக்கான விடையும் அங்கேதான் இருக்கிறது. புத்தகம் திறக்கப்படாத அந்த 7 நாட்கள் எவை என்பதை முந்தைய நாள் இரவுகூட என்னால் சொல்ல முடிந்ததில்லை. காலையில் கண் விழிக்கும்போதுதான் தெரியும். பதிவு செய்யப்பட்ட விரிவுரை எனக்காகக் காத்திருக்கும், செவ்வாய்க்கிழமை கேட்க முடியாததை வெள்ளிக்கிழமை கேட்டுக்கொள்ளலாம். எந்த முதலாளியும் எந்த வாடிக்கையாளரும் அப்படிக் காத்திருக்க முடியாது. வாரத்துக்குப் பதினோரு மணி நேரம் படிப்பவரால் வாரத்துக்குப் பதினோரு மணி நேரம் வேலை செய்ய முடியும் என்று முடிவு கட்டுவது, இந்த ஒரு வேறுபாட்டைக் காணாமல் விடுவதால் நேர்கிற பிழை என்றே கருதுகிறேன்.

நோயின் தன்மையைத் தெரியாதவர்களுக்காக இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். இருமுனைக் கோளாறில் மனஎழுச்சி, மனச்சோர்வு என்ற இரு நிலைகள் மட்டுமே வெளியே தெரிகின்றன. ஆனால் இரண்டும் இல்லாத இடைக்காலத்திலும் கவனம், நினைவு, எண்ணங்களின் வேகம் ஆகியவற்றில் பலருக்குக் குறைபாடு நீடிப்பதுண்டு. ஒரு பத்தியைப் படித்து முடிக்கும்போது அதன் முதல் வாக்கியம் கைநழுவிப் போயிருக்கும். இரவில் உட்கொள்ளும் மாத்திரையின் தூக்கக் கலக்கம் எனக்கு முற்பகல் வரை நீள்கிறது, ஆகவே காலை வகுப்பு என்பது எனக்கு இல்லாத வகுப்பு. இந்த நோய்க்குத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோரில் சிலருக்குக் கை நடுங்கும். எனக்கும் நடுங்குகிறது, நெடுநேரம் எழுதினால் என் எழுத்தை நானே படிக்க முடிவதில்லை.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் யோசிக்கவைத்தது ஆர்வம்தான். முதல் பருவத்தில் நல்ல மதிப்பெண் கிடைத்ததும், அடுத்த பருவத்தில் நான்கு பாடங்களை ஒரே சமயத்தில் எடுக்க வேண்டும், அத்துடன் ஒரு மொழியும் கற்க வேண்டும் என்று தோன்றியது. நள்ளிரவு தாண்டியும் உறக்கம் வரவில்லை, வேண்டும் என்றும் தோன்றவில்லை. பிறருக்கு அது நல்ல மாணவரின் உற்சாகம். எனக்கு அது மனஎழுச்சி தொடங்குவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். தூக்கம் குறைவது எழுச்சியின் அடையாளம் மட்டுமல்ல, அதைத் தூண்டிவிடக்கூடியதும்கூட. மனநல மருத்துவர் என்னிடம், "நான்கு பாடம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டு வாரம் நன்றாகத் தூங்கிய பிறகும் இருந்தால் அப்போது பேசுவோம்" என்றார். இரண்டு வாரத்தில் அந்த எண்ணம் வடிந்துவிட்டது. என் சொந்த ஆசையையே இப்படிச் சந்தேகித்துப் பார்க்க வேண்டியிருப்பது, இந்த நோயோடு படிப்பதில் எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி. தேர்வுக்கு முந்தைய இரவு விழித்திருந்து படிப்பது என்பதை நான் முற்றிலும் விட்டுவிட்டேன். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறேன், பாடம் முடிந்திருந்தாலும் முடியாவிட்டாலும்.

என்னைப் போன்ற நிலையில் இருந்துகொண்டு படிக்க நினைப்பவர்கள் சேர்வதற்கு முன்பே விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உதவித்தொகைகள் எல்லாம் ஒரே வகை அல்ல. குறைபாட்டால் ஏற்படும் கூடுதல் செலவை ஈடுசெய்யத் தரப்படுவது ஒரு வகை. உழைத்துப் பொருளீட்ட இயலாமைக்காகத் தரப்படுவது இன்னொரு வகை. படிப்பு பெரும்பாலும் உரசுவது இரண்டாவது வகையோடுதான். எத்தனை பாடம் வரை பகுதிநேரம் என்று கொள்ளப்படும், கல்வி உதவியாகக் கிடைக்கும் பணம் வருமானமாகக் கணக்கிடப்படுமா, கல்வி நிறுவனத்தில் சேர்ந்ததைத் தெரிவிக்க வேண்டுமா, தெரிவித்தால் மறுமதிப்பீடு தொடங்குமா என்பவை நாட்டுக்கு நாடு, திட்டத்துக்குத் திட்டம் மாறுபடும். நான் தொலைபேசியில் இரு முறை கேட்டேன், இரண்டு வெவ்வேறு பதில்கள் வந்தன. அதன் பிறகு எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெற்று, இரண்டின் நகலையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மறைத்துப் படிப்பதை மட்டும் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பின்னால் தெரியவந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிலை வரலாம், அதைத் தாங்கும் வலு நம்மில் பலருக்கு இல்லை.

கல்வி நிறுவனத்திடம் கேட்பதிலும் தயங்க வேண்டாம். 2006 டிசம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கை, நீண்டகால மனநலப் பாதிப்பு உள்ளவர்களையும் உள்ளடக்கியது. அதன் 24ஆம் பிரிவு உயர்கல்வியையும் வயதுவந்தோர் கல்வியையும் வாழ்நாள் கல்வியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவரவருக்கு வேண்டிய நியாயமான மாற்றங்கள் செய்துதரப்பட வேண்டும் என்கிறது. அவற்றை மறுப்பதும் பாகுபாடே என்கிறது 2ஆம் பிரிவு. அதே உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பைப் பற்றியது. கற்கும் உரிமையும் உதவி பெறும் உரிமையும் ஒரே ஆவணத்தில், ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் மற்றொன்று என்ற நிபந்தனை இல்லாமல் இருப்பதைப் படித்தபோது என் மனச்சுமை வெகுவாகக் குறைந்தது. தேர்வில் கூடுதல் நேரம், தனியறை, கணினியில் விடை எழுதும் அனுமதி ஆகியவற்றைக் கேட்டேன், மூன்றும் கிடைத்தன.

மருத்துவரிடம் கடிதம் கேட்கும்போது நோயின் பெயரோடு நிறுத்திவிடாமல், அந்த நோயால் எதைச் செய்ய முடிவதில்லை, எவ்வளவு அடிக்கடி முடிவதில்லை என்பதை எழுதித்தரச் சொல்லுங்கள். என் முதல் கடிதத்தில் நோயின் பெயரும் மாத்திரைகளின் பெயரும் மட்டுமே இருந்தன. கடிதத்தைப் படிக்கும் அலுவலருக்கு அதிலிருந்து எதுவும் விளங்கியிருக்காது. இரண்டாவது கடிதத்துக்குக் குறிப்பேட்டைக் கையோடு கொண்டுபோனேன்.

படிவத்தின் அந்தச் சிறிய கட்டத்தில் இறுதியில் 1.6 என்று எழுதி, பக்கத்தில் "இணைப்பைக் காண்க" என்று சேர்த்தேன். இணைப்பில் 28 நாட்களின் அட்டவணை முழுவதையும் வைத்தேன். பூச்சியம் உள்ள ஏழு வரிசைகளைச் சற்றே அழுத்தமான மையில் எழுதினேன். அனுப்பி மூன்று வாரங்கள் ஆகின்றன, பதில் இன்னும் வரவில்லை. அடுத்த பருவத்துக்கான பதிவு நேற்றுத் தொடங்கியது. நிகழ்தகவு என்ற ஒரே ஒரு பாடத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.