மட்டன் இல்லாத சுக்கா: ஜெருசலேமில் ஒரு வாரம்

முதலில் அந்த டாக்சிக்காரரைத் திட்டி முடித்துவிடுகிறேன். அதை இறக்கி வைக்காமல் யூதர்களின் கூடாரப் பண்டிகையைப் பற்றி எழுத எனக்குக் கை வராது.

டிக்கெட் ஏன் அவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்பது பென் குரியன் விமான நிலையத்தில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. சனிக்கிழமை மதியம், யூதர்களின் ஓய்வுநாள். அரை மணி நேரத்தில் ஜெருசலேமில் கொண்டுபோய் விடும் ரயில் இருட்டும்வரை கிடையாது. பஸ்ஸும் இல்லை. கூட வந்த என் மச்சினன்தான் செலவு நோட்டுக்குப் பொறுப்பு. ரயிலுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய் என்று எழுதி வைத்திருந்தான். டாக்சிக்காரர் 450 ஷெக்கெல் கேட்டார். அப்போது ஷெக்கெல் 23 ரூபாய், கணக்குப் போட்டால் 10,350. மீட்டர் போடுங்கள் என்றேன். "ஷபாத், ஷபாத்" என்று வானத்தைக் காட்டினார். ஓய்வுநாளுக்குக் கூடுதல் கட்டணம் அங்கே சட்டப்படியே உண்டு, ஆனால் அது மீட்டரிலேயே ஏறும். கடவுளைக் கைகாட்டிக் காசு பிடுங்கத் தேவையில்லை. அதோடு விட்டாரா? தெருவில் ஓய்வுநாள் தடுப்பு போட்டிருக்கிறது, வண்டி உள்ளே போகாது என்று விடுதிக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே இறக்கிவிட்டார். கல் பாவிய ஏற்றத்தில் பெட்டியை உருட்டிக்கொண்டே மச்சினன் கேட்டான்: "மாமா, திரும்பிப் போற டிக்கெட்டும் சனிக்கிழமையா?"

சரி. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுவதாகத்தான் திட்டம். பார்ப்போம்.

விடுதி ஒரு பழைய கல்வீடு. முற்றத்தில் மரச்சட்டங்களை நிறுத்திப் பாதியில் விட்டிருந்தார்கள். விடுதிக்காரருக்கு எழுபது வயதிருக்கும். "இன்று கையை வைக்கக்கூடாது. இருட்டட்டும், சுக்கா ரெடியாகிவிடும்" என்றார் ஆங்கிலத்தில். மச்சினன் முகம் மலர்ந்துவிட்டது. "மாமா, வந்த அன்னைக்கே சுக்காவாம்!" எபிரேயத்தில் சுக்கா என்றால் குடிசை, அதன் பன்மை சுக்கோத், பண்டிகையின் பெயரே அதுதான், மட்டனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவனுக்குப் புரியவைப்பதற்குள் பசி முற்றிவிட்டது.

நம்மூரில் பைபிள் படித்தவர்களுக்கு இது கூடாரப் பண்டிகை. பாவநிவர்த்தி நாள் என்கிற யோம் கிப்பூர் நோன்பு முடிந்த ஐந்தாம் நாள், யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதப் பதினைந்தாம் தேதி, பௌர்ணமியை ஒட்டித் தொடங்கும். எகிப்திலிருந்து அழைத்து வந்தபோது இஸ்ரவேலரைக் கூடாரங்களில் குடியிருக்கச் செய்தேன், அது உங்கள் தலைமுறைகளுக்குத் தெரிய வேண்டும், அதனால் ஏழு நாள் குடிசையில் குடியிருங்கள் என்று கடவுள் சொன்னதாக லேவியராகமம் 23ஆம் அதிகாரம் சொல்கிறது. அதே பண்டிகைக்கு யாத்திராகமத்தில் சேர்ப்புக்காலப் பண்டிகை என்று பெயர். திராட்சையும் பேரீச்சையும் ஒலிவமும் வீடு வந்து சேரும் காலம். அங்கே எகிப்துப் பேச்சே இல்லை. ஆய்வாளர்கள் பலர், அறுப்புக் காலத்தில் தோட்டக் காவலுக்குப் போட்ட குடிசைகள்தான் முதலில், வனாந்தரக் கதை அதன்மேல் பிறகு ஏறியது என்கிறார்கள். பரண் போட்டுக் காவல் காத்த ஊர்க்காரன் என்பதாலோ என்னவோ, எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

விடுதிக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டேன். எகிப்தை விட்டுக் கிளம்பியது வசந்தத்தில், குடிசை மட்டும் ஏன் இலையுதிர் காலத்தில்? அவருக்கு ஒரே சந்தோஷம். பழைய சட்டநூல் ஒன்றிலேயே இதற்குப் பதில் உண்டாம். வெயில் காலம் வரும்போது எவனும் நிழலுக்கு வெளியே குடிசை போடுவான். குளிர் தொடங்கி ஊரே வீட்டுக்குள் போகிற நேரத்தில் நீ வெளியே வந்து உட்கார்ந்தால்தான், கட்டளைக்காகச் செய்கிறாய் என்று தெரியும். அந்தக் கூடாரம் எது என்பதிலேயே, யூத அறிஞர்களின் விவாத நூலான தால்முத்தில் வழக்கு இருக்கிறதாம். நிஜக் குடிசைதான் என்கிறார் ரபி அகிவா. இல்லை, வனாந்தரத்தில் அவர்களைச் சூழ்ந்து நின்ற மகிமையின் மேகங்கள் என்கிறார் ரபி எலியேசர். "நீங்கள் எந்தக் கட்சி?" என்றேன். "எனக்குச் சுத்தியல் கட்சி" என்று, இருட்டியதும் ஆணி அடிக்கப் போய்விட்டார்.

அன்று இரவே மஹனே யெஹூதா சந்தைப் பக்கம் போனோம். ஓய்வுநாள் முடிந்த ராத்திரியில் ஊரே அங்கே நின்றது. பண்டிகை வழிபாட்டுக்கு யூதர்கள் நான்கு பொருள்கள் வாங்க வேண்டும்: எத்ரோக் பழம், விரியாத பேரீச்சங் குருத்தோலையான லூலாவ், ஹதாஸ் என்னும் வாசனைச் செடியில் மூன்று கொத்து, ஆற்றோரத்து அராவாவில் இரண்டு. மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம், எத்ரோக்தான் நாயகன். நம்மூர் நார்த்தங்காய்க்கு நெருங்கிய உறவு, பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்துவிட்டது. மேடும் பள்ளமுமான மஞ்சள் தோல், நுனியில் பிதாம் என்று ஒரு சின்னக் காம்பு. பிதாமோடு வளர்ந்த பழத்தில் அது உடைந்துவிட்டால் பழம் உதவாது. கறுப்புக் கோட்டுப் பெரியவர் ஒருவர் நகைக்கடைக்காரர் மாதிரி கண்ணில் பூதக்கண்ணாடி செருகிக்கொண்டு ஒரு பழத்தை விளக்கடியில் பத்து நிமிடம் உருட்டிப் பார்த்தார். எங்கோ ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அவர் மகனுக்கு எட்டு வயதிருக்கும், அவன் கையிலும் ஒரு கண்ணாடி! முழு செட் 50 ஷெக்கெலிலிருந்து இருந்தது. பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் படுக்கவைத்த ஒரு பழத்துக்கு மட்டும் 300. ஏழாயிரம் ரூபாய்க்கு நார்த்தங்காய் என்று நோட்டில் ஆச்சரியக்குறியோடு எழுதிக்கொண்டான் மச்சினன். வாங்கவில்லை, பார்த்ததற்கே.

இந்தப் பழத்தை வைத்து ஒரு கலவரமே நடந்திருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் அலெக்சாண்டர் யன்னாய் என்பவர் யூதர்களின் ராஜாவாகவும் தலைமை ஆசாரியராகவும் இருந்தார். இந்தப் பண்டிகையின்போது பலிபீடத்தருகே நின்றவர்மேல் ஜனங்கள் கையிலிருந்த எத்ரோக்கை விட்டெறிந்தார்கள். அவர் கோபத்தில் ஆறாயிரம் பேரைக் கொன்றதாகப் பழைய யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியிருக்கிறார். மறுநாள் சந்தையில் யாராவது பழத்தை ஓங்கினாலே எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இந்த முறை பண்டிகை ஞாயிறு மாலை தொடங்கியது. மறுபடியும் பஸ் கிடையாது, கடை கிடையாது. அறையில் இரண்டு பிஸ்கட் பாக்கெட் வைத்திருந்தோம். எட்டு மணிக்கு விடுதிக்காரர் கதவைத் தட்டினார். "அறைக்குள் என்ன சாப்பாடு? வெளியே வாருங்கள்."

முற்றத்துச் சட்டங்கள் குடிசையாகிவிட்டிருந்தன. மூன்று பக்கம் துணி, மேலே பேரீச்சை மட்டை. மூங்கில் போடலாம், மரக்கிளை போடலாம், எதுவானாலும் மண்ணில் விளைந்ததாக, வெட்டி எடுத்ததாக இருக்க வேண்டும். தகரம், தார்ப்பாய் கூடாது. மரத்தடியில் கட்டக்கூடாது, மேல்வீட்டு மாடத்துக்குக் கீழேயும் கூடாது. அதனால்தான் அந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் பால்கனிகள் ஒன்றன் தலையில் ஒன்று வராமல் படிபோல் விலகி விலகி இருந்தன. வெயிலைவிட நிழல் அதிகமாக விழ வேண்டும், ஆனால் இடுக்கு வழியே நட்சத்திரம் தெரிந்தால் நல்லது. மழையே இறங்காதபடி தடிப்பாக வேய்ந்தால் அது குடிசையே அல்ல என்று சொல்லும் அறிஞர்களும் உண்டாம். ஒழுகுகிற கூரைக்கு இத்தனை சட்டமா என்றால், ஆமாம். வருடம் முழுக்க ஓட்டைக் கூரைக்குக் கீழே இருப்பவர்களுக்கு இதில் என்ன பண்டிகை என்று எனக்குள் ஒரு முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது. அதற்கும் வேதத்தில் ஒரு வரி இருக்கிறது. இந்தப் பண்டிகையில் நீ சந்தோஷப்படு என்று கட்டளையிடும் உபாகமம், கூடவே வேலைக்காரன், பரதேசி, அநாதை, விதவை என்று ஆள் பட்டியலும் போடுகிறது. அன்று அந்தப் பட்டியலில் பரதேசி நாங்கள் இரண்டு பேர்தான்.

துணிச்சுவரில் ஏழு பெயர்கள் எழுதிய படம் தொங்கியது: ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, மோசே, ஆரோன், யோசேப்பு, தாவீது. இரவுக்கு ஒருவராக இவர்களையும் விருந்துக்கு அழைப்பார்கள், உஷ்பிஸீன் என்று பெயர். முதல் இரவு ஆபிரகாம் முறை. "அவருக்கு ஒரு நாற்காலி, உங்களுக்கு இரண்டு" என்றார் விடுதிக்காரர்.

இனி சாப்பாடு. செலவுக் கணக்கு காத்திருக்கட்டும். முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டியது வந்தது. நன்றாகவே இருந்தது. அதன்பின் வந்ததுதான் குகல். மெல்லிய நூடுல்ஸைக் கருகக் காய்ச்சிய சர்க்கரையில் புரட்டி, மிளகை அள்ளிப்போட்டு, கேக் மாதிரி வேகவைத்த ஜெருசலேம் பலகாரம். பழுப்பு நிறத்துண்டு, பார்க்க ஒன்றுமில்லை. வாயில் வைத்ததும் முதலில் இனிப்பு, விழுங்கும்போது தொண்டையில் மிளகு. பயணம் கிளம்பியதிலிருந்து காரம் பார்க்காத நாக்கு எழுந்து உட்கார்ந்தது. மச்சினன் நான்கு துண்டு தின்றான். டாக்சிக்காரரை அப்போதுதான் பாதி மன்னித்தேன்.

நடுநாட்களில் கடைகள் திறந்தன. சந்தைப் பக்கம் ஒரு சின்னக் கடையில் குப்பே சூப்: ரவைக்குள் கறி வைத்த உருண்டைகள், பீட்ரூட் போட்ட புளிப்புச் சாறு. ஈராக் யூதர்கள் கொண்டுவந்தது. அந்தக் கடைக்குக்கூட வாசலில் ஒரு குடிசை இருந்தது, பண்டிகைக் காலத்தில் கட்டுப்பாடு உள்ளவர்கள் குடிசைக்கு வெளியே ரொட்டிச் சாப்பாடு சாப்பிட மாட்டார்கள். யூதர்கள் வழிபடும் மேற்குச் சுவரில் ஆசாரிய வம்சத்தார் கூட்டமாக ஆசி வழங்கும் நாளில் போனோம். நெரிசலில் மூச்சு முட்டியது. ஒன்றும் தெரியவில்லை. நேரம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் அதைத் தவிர்க்கலாம்.

அதைவிட, கட்டுப்பாடான யூதர்கள் வாழும் மேயா ஷெயரிம் பகுதியின் இரவு நேரத்துத் தெருக்கள் ஆயிரம் மடங்கு. (முழுக்கை, முழுக்கால் உடையோடு போங்கள், கேமராவைப் பையில் வையுங்கள்.) வேதபாடசாலைகளில் ஆண்கள் வட்டமாகத் தோளில் கைபோட்டுக் குதித்துக் குதித்து ஆடுகிறார்கள். பெண்கள் மாடத்திலிருந்து பார்க்கிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இசை நிற்கவிடவில்லை. ஜெருசலேமில் யூதர்களின் ஆலயம் இருந்த காலத்து வழக்கத்தின் மிச்சம் இது. சீலோவாம் ஊற்றிலிருந்து தங்கக் குடுவையில் தண்ணீர் மொண்டு வந்து பலிபீடத்தில் ஊற்றுவார்கள். அந்தக் கொண்டாட்டத்தைப் பார்க்காதவன் வாழ்நாளில் மகிழ்ச்சியையே பார்த்ததில்லை என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. ஆசாரியர்களின் நைந்துபோன கால்சட்டைகளைக் கிழித்துத் திரி போட்டு விளக்கேற்றினார்களாம், ஊரில் வெளிச்சம் விழாத முற்றமே இல்லையாம். கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்தபிறகு தண்ணீர் ஊற்றுவது நின்றது. ஆட்டம் இன்றும் இருக்கிறது.

ஒரு நாள் விடியற்காலை தூறல் போட்டது. குடிசையில் படுத்திருந்த விடுதிக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தார், முகத்தில் ஏமாற்றம். எஜமானுக்குக் கோப்பையில் ஊற்றிக் கொடுக்க வந்த வேலைக்காரன் முகத்தில் எஜமான் குடுவையோடு விசிறியடித்த மாதிரி என்று, சுக்காவில் மழை பெய்தால் அதற்கு மிஷ்னாவிலேயே உவமை இருக்கிறதாம். மழைக்கு ஏங்கும் பூமிதான். ஆனாலும் மழை வேண்டுதலை எட்டாம் நாள் வரை ஒத்திவைத்திருக்கிறார்கள், குடிசை வாசம் முடியட்டும் என்று. கூட்டுப் பிரார்த்தனையிலும் இப்படி ஒரு நடைமுறை அறிவு!

எட்டாம் நாள் மழைக்கு வேண்டினார்கள், தோரா என்னும் வேதச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். மறுநாள் செவ்வாய்க்கிழமை. ரயில் ஓடியது. நோட்டில் மச்சினன் போட்ட மொத்தக் கணக்கைப் பிறகு எழுதுகிறேன், இப்போது எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள்.

கிளம்பும்போது விடுதிக்காரரின் மனைவி போன வருடத்து எத்ரோக்கில் செய்த ஜாம் ஒரு பாட்டில் கொடுத்தார். ஊருக்கு வந்து மாமியாரிடம் நீட்டினேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நார்த்தங்காய்தானே மாப்பிள்ளை? இதுல போய் யாராவது சர்க்கரையைப் போடுவாங்களா?"